சைவமாயிட்டேன்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி வீட்டில் உட்கார்ந்து சாம்பவி ஒரு பெண்ணின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம். குரல் மடிக்கணினியிலிருந்து வந்தது. கொட்டாஞ்சேனை பிறிஜெற்றின் குரல். சனிக்கிழமை புத்தக வெளியீட்டு மேடையில் அவள் தன் கட்டுரையைப் பற்றிப் பேசும்போது இந்தக் குரலில் ஒரு துண்டைச் சபைக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று அவளுடைய மேலாளர் ராகுலன் சொல்லியிருந்தார். எந்த இடத்தில் தொடங்குவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று பார்ப்பதுதான் மிச்சமிருந்த ஒரே வேலை. புத்தகம் அச்சாகிக் கட்டுக் கட்டாக வந்து இறங்கிவிட்டது.

"அண்ணன் போனதுக்கப்புறம் நான் சைவமாயிட்டேன் மிஸ்," என்றது குரல். "வீட்டுல ஒருத்தரும் ஒத்துக்கல. மகன் கத்தினான். இந்த வயசில என்ன புதுசா இதுன்னான். நான் மாறல. செவ்வாக்கெழம செவ்வாக்கெழம கோயிலுக்குப் போறேன். பூசை பாக்குறேன். ஒரு திரி கொளுத்திட்டு வாறேன். அதுல ஒரு நிம்மதி."

அதற்குப் பிறகு அழுகை. அழுகைக்குப் பின்னால் மின்விசிறியின் சத்தம்.

குசினியில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த அம்மா பாலேஸ்வரி தலையை நீட்டினார்.

"ஆரடி பிள்ளை அது, பாவம்? மச்சமாமிசத்தை விட்டதுக்கே இப்பிடி அழுகிறா?"

"மச்சமோ? அம்மா, அவ கத்தோலிக்க மனுசி. சமயம் மாறினதைச் சொல்லுறா."

"ஆர் சொன்னது?"

"அவதான் சொல்லுறா. சைவமாயிட்டேன் எண்டு."

"ஓம், மச்சத்தை விட்டிட்டன் எண்டு சொல்லுறா. எங்கட சமயத்தை அவை இந்து எண்டெல்லே சொல்லுவினம். கீழ பேக்கரியில நிக்கிற வேதக்காரப் பெட்டையும் அப்பிடித்தான், 'அன்ரி, இது சைவம், எடுங்க' எண்டு ரோல்ஸ் நீட்டுது. அவள் என்ன ரோல்ஸுக்குத் திருநீறே பூசி வச்சிருக்கிறாள்?"

தான் சொன்னதற்குத் தானே சிரித்துக்கொண்டு அம்மா அடுப்படிக்குத் திரும்பிவிட்டார். அவருக்குப் பருப்பு பொங்குகிற அவசரம்.

சாம்பவி அந்த ஒரு வரியை மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் ஓடவிட்டாள். எழுந்து பல்கனிக்குப் போனாள். கடற்கரை ரயில் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை நிற்கப் பொறுமையில்லாமல் உள்ளே வந்து மறுபடியும் ஓடவிட்டாள்.

யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்தவளுக்குச் சைவம் என்பது முதலில் சமயம், பிறகுதான் சாப்பாடு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளிலேயே சமயம் என்ற கேள்விக்கு எதிரே அப்பா எழுதிய சொல் அது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கருக்கு அந்தச் சொல் நேரே தட்டில் வந்து விழும். அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்பார்கள், திருப்பலியைப் பூசை என்பார்கள், மெழுகுதிரியைத் திரி என்பார்கள். அதெல்லாம் சாம்பவிக்குத் தெரியாததில்லை. வேறொரு கட்டுரையில் அதற்கென்றே அடிக்குறிப்புப் போட்டவள் அவள். ஆனால் சைவமாயிட்டேன் என்ற சொல் முதலில் காதில் விழுந்த உடனே, பின்னால் வந்த கோயிலும் பூசையும் திரியும் தாமாகவே திருநீறு பூசிக்கொண்டு வந்து வரிசையில் நின்றுவிட்டன. செவ்வாய்க்கிழமை கத்தோலிக்கப் புனிதருக்கு மட்டுமல்ல, அம்மனுக்கும் உரிய நாள்தானே.

அவள் பல்கலைக்கழகமொன்றில் நிரந்தரமாகாத விரிவுரையாளர். சமயங்களுக்கிடையிலான உரையாடலையும் சமாதானத்தையும் பற்றிய ஆய்வு ஒன்றில், துறையின் சிரேஷ்ட விரிவுரையாளர் ராகுலனின் கீழ் வேலை செய்தாள். ஈஸ்டர் எனும் உயிர்த்த ஞாயிறன்று முஸ்லிம் தீவிரவாதிகள் சிலர் தேவாலயங்களில் நடத்திய குண்டுவெடிப்புக்குப் பிறகு பேச்சு அறுந்துபோன தெருக்களில், கத்தோலிக்க, முஸ்லிம், இந்துப் பெண்களை மாதமொரு தடவை வட்டமாக இருத்திக் கதைக்கவைப்பதும், அதைப் பதிவு செய்வதும், எழுதுவதும் வேலை. வட்டம் கலைந்த பிறகு தனித்தனியாகவும் பேச்சுப் பதிவு செய்வாள். அப்படி ஒரு நாள் பிறிஜெற் சொன்னதுதான் இது. அழுதுகொண்டிருக்கிற மனுசியிடம் துருவிக் கேட்பது அநாகரிகம் என்று அன்றைக்குச் சாம்பவி பேசாமல் இருந்துவிட்டாள். வீடு வந்து, துயரத்தில் ஒருத்தி தன் சமயத்தின் எல்லையைத் தாண்டி இன்னொரு சமயத்தில் ஆறுதல் தேடினாள் என்று எழுதினாள். ராகுலனுக்கு அந்தப் பந்தி மிகவும் பிடித்துவிட்டது. கட்டுரைக்கு 'எல்லை கடந்த துயரம்' என்று பெயர் வைத்ததே அவர்தான்.

புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்தாள். 'மேரி (பெயர் மாற்றப்பட்டுள்ளது), கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண், கப்பல் முகவர் நிலையமொன்றில் தட்டச்சாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர், குண்டுவெடிப்பில் மூத்த சகோதரரை இழந்தபின் இந்து சமயத்தைத் தழுவினார். குடும்பத்தினரின் எதிர்ப்பை மீறி...' அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. பெயரை மாற்றியிருந்தாள். ஆளை மாற்றவில்லை.

பிறிஜெற்றின் மகன் சாந்தனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண் சாமினி, அதே தேவாலயப் பங்கைச் சேர்ந்த பிள்ளை. கோயிலில் கல்யாண அறிவித்தல் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று போன கிழமைதான் பிறிஜெற் சந்தோஷமாகத் தொலைபேசியில் சொன்னார். ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவரும் பிறிஜெற்தான். சனிக்கிழமை புத்தகத்தின் முதல் பிரதியை வாங்கப் போகிறவர் அந்தப் பங்கின் ஃபாதர் ரொனி. முன்வரிசையில் பிறிஜெற்றும் இருப்பார்.

ராகுலனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"சேர், என்ர கட்டுரையில ஒரு பிழை."

"எழுத்துப் பிழையெண்டா விடும் சாம்பவி. உலகத்தில எழுத்துப் பிழை இல்லாத புத்தகம் ரெலிபோன் டிரெக்டரி மட்டும்தான்."

"எழுத்துப் பிழையில்லை சேர்." சொன்னாள். முழுவதையும் சொன்னாள்.

"நீர் அவவைக் கேட்டனீரோ?"

"இன்னும் இல்லை. நாளைக்குப் போறன்."

"அப்ப இன்னும் உறுதியில்லை. உறுதியில்லாத ஒண்டுக்காக ஒரு புத்தகத்தையே நிப்பாட்டுறதோ? அதோட பாரும், மச்சத்தை ஏன் விட்டவ? அதுக்குள்ளயும் ஒரு சைவம் இல்லையோ? பொருள்கோடல் எண்டு ஒண்டு இருக்குதெல்லே."

"கத்தரிக்காய்க்குள்ள சமயம் தேடச் சொல்லுறியளோ சேர்?"

ராகுலன் சிரித்தார். கெட்ட மனுசனில்லை. யாரும் யாரோடும் உட்காரச் சம்மதிக்காத நாட்களில், வீடு வீடாகப் போய்ச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கெஞ்சி, அந்த வட்டத்தைக் கூட்டியவர் அவர்தான். சிரித்துவிட்டுச் சொன்னார்: "உம்மட வேலையை நிரந்தரமாக்கிற ஃபைல் அடுத்த மாசம் மேல போகுது. அதில போடுறதுக்கு இந்தக் கட்டுரை ஒண்டுதான் இருக்கு. அதையும் ஞாபகம் வச்சுக்கொண்டு நாளைக்குப் போம்."

பின்னேரம் முழுவதும் சாம்பவி ஓரிடத்தில் இருக்கவில்லை. அலுமாரியைத் திறந்தாள், ஏன் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள். அம்மா தேத்தண்ணி வைத்துக் கூப்பிட்டார். அது ஆடை படர்ந்து ஆறிப்போனது. "என்னடி, வாலில நெருப்பு வச்ச மாதிரி நடக்கிறாய்?" என்று அம்மா கேட்டார். "நீங்கள்தானே வச்சனீங்கள்," என்றாள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ் பிடித்துப் புறக்கோட்டையில் இறங்கினாள். அங்கிருந்து முச்சக்கரவண்டி. "கொட்டஹேன யனவத?" என்று கேட்டதற்குச் சாரதி, "யனவா மிஸ், ஹபெய் டிறபிக்," என்று தலையைச் சொறிந்தான். போகலாம், ஆனால் நெரிசல். நெரிசல் அவளுக்குச் சொர்க்கமாகவும் இருந்தது, நரகமாகவும் இருந்தது. வண்டி நின்ற ஒவ்வொரு இடத்திலும் இறங்கித் திரும்பி ஓடலாம் போலிருந்தது. வண்டி நகர்ந்ததும் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன என்று பல்லைக் கடித்தாள்.

பிறிஜெற்றின் வீடு இருக்கும் சந்தில் வாசலும் வாசலும் முகம் பார்த்தபடி இருக்கும். எதிர்வீட்டுப் படியில் பீபி உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வட்டத்தில் முஸ்லிம் பெண்களில் அதிகம் கதைக்கிறவர் அவர்தான்.

"மிஸ்! நாளைக்குச் சோறு ஈக்கிதா, இல்லாட்டி பெட்டிக்குள்ள ஒரு பெட்டிஸும் ஒரு கேக் துண்டும் போட்டு ஏமாத்துறீங்களா?"

"சோறுதான் ராத்தா."

"அப்ப வாறேன்," என்றார் பீபி. "சமாதானம் வெறும் வயித்துல வராது."

பிறிஜெற் கதவைத் திறந்தார். மேசையில் அரிந்தும் அரியாமலும் பீர்க்கங்காய். அதைப் பார்த்தபடியே சாம்பவி தொடங்கினாள்.

"அன்ரி, ஒரு சின்ன விசயம். நீங்கள் முந்தி ஒருநாள் எனக்குச் சொன்னனீங்கள், சைவமாயிட்டேன் எண்டு."

"ஆமா."

"அது... சாப்பாடோ?"

"வேற எதுல மிஸ் சைவமாக முடியும்?"

சாம்பவி சொன்னாள். பிறிஜெற் முதலில் நம்பவில்லை. பிறகு சிரிக்கத் தொடங்கினார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நானா? விபூதி பூசிக்கிட்டா? ஐயோ, சாந்தன் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பான். எங்கம்மா கல்லறையில இருந்து எந்திரிச்சு வந்து காத முறுக்குவா!" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தவர், சாம்பவி சிரிக்காமல் நிற்பதைப் பார்த்து மெல்ல மெல்ல நின்றார்.

"எழுதிட்டீங்களா?"

"ஓம்."

"அச்சாயிட்டுதா?"

சாம்பவி புத்தகத்தை எடுத்து விரித்துக் கொடுத்தாள். பிறிஜெற் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வாசகம் வாசிக்கிறவர் என்பதால் உதட்டை அசைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"யாரு இந்த மேரி?"

"நீங்கள்தான் அன்ரி. பெயரை மறைச்சனான்."

"கப்பல் கம்பெனி டைப்பிஸ்ட், அண்ணன் குண்டுல செத்துட்டார், கொட்டாஞ்சேன. இந்தத் தெரு நாயக் கேட்டாலும் பிறிஜெற் வீட்டக் காட்டும்." புத்தகத்தை மூடினார். "ஃபாதர் படிப்பாரா?"

"முதல் பிரதி அவருக்குத்தான்."

"சாமினி வீட்டுக்காரங்க கேட்டா நான் என்னன்னு சொல்றது? அங்க கல்யாண அறிவித்தல் வாசிக்கிறாங்க. மாப்பிள்ளையோட அம்மா வேற சாமி கும்புடுறான்னு நீங்க புக்கு போட்டு வாசிக்கிறீங்க."

"நான் வேணுமெண்டு..."

"வேணும்னு செஞ்சீங்கன்னு நான் சொன்னேனா? எத்தன தடவ வந்து என் கையால டீ குடிச்சீங்க. ஒரு வார்த்த திருப்பிக் கேக்க முடியலயா?"

"நீங்கள் அழுதுகொண்டிருந்தனீங்கள் அன்ரி. கேக்க மனம் வரேல்லை."

"அழுறவகிட்ட கேக்கக் கூடாது. அழுறவ சொன்னத எழுத மட்டும் செய்யலாம்."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை. பிறிஜெற் மறுபடி பீர்க்கங்காயைக் கையில் எடுத்தார், அரியவில்லை.

"இப்பயும் நீங்க கேக்கல," என்றார். "ஏன் விட்டேன்னு."

"ஏன் அன்ரி?"

"கிளறன்ஸ் அண்ணன அடையாளம் காட்ட பிணவறைக்கு நான்தான் போனேன். சாந்தன விடல. சின்னப் பையன், அவன் பாக்க வேணாம்னு." குரல் தணிந்தது. எதிர்வீட்டுப் பக்கம் ஒருதடவை பார்த்துக்கொண்டார். "அதுக்கப்புறம் எறச்சிக்கடப் பக்கம் என்னால போக முடியல. மீன் வெட்டுறதையும் பாக்க முடியல. சட்டியில கொதிக்கிற வாசம் வந்தாலே அந்த அறை வந்திரும். அவ்வளவுதான் மிஸ். சாமியும் இல்ல, சமயமும் இல்ல. சாந்தன்கிட்ட நேத்திக்கடன்னு சொல்லி வச்சிருக்கேன். இத எங்கயும் எழுதாதீங்க."

"எழுத மாட்டன்."

"சத்தியமா?"

"சத்தியமா. புத்தகத்தையும் நிப்பாட்டச் சொல்லிக் கேக்கிறன்."

"நிப்பாட்டுவாங்களா?"

"தெரியாது."

"அப்ப மேடையில சொல்லிருங்க. எல்லாரும் இருக்கும்போது, ஃபாதருக்கு முன்னால. என் பேரச் சொல்லியே சொல்லுங்க. மேரி கீரின்னு வேணாம். ஒளிச்சு வச்சாத்தான் ஊருக்குச் சந்தேகம்." பிறகு, விட்ட இடத்திலிருந்து பீர்க்கங்காயை அரியத் தொடங்கினார். போகச் சொல்கிற மாதிரியும் இருந்தது, இருக்கச் சொல்கிற மாதிரியும் இருந்தது. சாம்பவி போனாள்.

சனிக்கிழமை நிகழ்ச்சி ஹெவ்லொக் டவுன் பக்கம் ஒரு மண்டபத்தில். ராகுலன் வாசலில் நின்று வருகிறவர்களைக் கைகுலுக்கி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். சாம்பவி அவரை ஒரு பக்கம் கூப்பிட்டு, பிறிஜெற் சொன்னதில் சொல்லக்கூடியதைச் சொன்னாள்.

"சரி," என்றார் அவர், வாசலைப் பார்த்தபடி. "பிழைதான். ஒப்புக்கொள்ளுறன். பிறகு இணையத்தில ஒரு திருத்தம் போடுவம். மேடையில வேண்டாம் சாம்பவி. தூதரகத்து ஆக்கள் வந்திருக்கினம். மூண்டு சமயத்துக் குருமாரும் முன்னுக்கு இருக்கினம். இவ்வளவு காலம் பட்ட பாட்டை ஒரு நிமிசத்தில சிரிப்பாக்கிப் போடாதையும்."

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

விளக்கேற்றினார்கள். ஆளுக்கொரு திரியாக ஏற்றினார்கள். வரவேற்புரை நீண்டது. வாழ்த்துரை அதைவிட நீண்டது. சாம்பவி மேடைக் கதிரையில் இருந்து காலை மாற்றி மாற்றிப் போட்டாள். ஃபாதர் ரொனியின் மடியில் முதல் பிரதி இருந்தது. அவர் பக்கங்களைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை அவர் விரல் நின்றபோதும் அது எந்தப் பக்கம் என்று இவள் எட்டிப் பார்த்தாள். இரண்டாம் வரிசையில் பீபி, முன்வரிசையில் பிறிஜெற், நல்ல நீலச் சேலை, பக்கத்தில் சாந்தனும் வருங்கால மருமகளும்.

கூப்பிட்டார்கள். எழுந்து போனாள். ஒலிப்பதிவைப் போட ஆயத்தமாக நின்றவரைப் பார்த்து வேண்டாம் என்று கைகாட்டினாள்.

"என்னுடைய கட்டுரையில் மேரி என்று ஒருவர் வருகிறார்," என்றாள். "அவர் இந்து சமயத்துக்கு மாறிவிட்டதாக எழுதியிருக்கிறேன். அது பொய். வேண்டுமென்று எழுதிய பொய்யில்லை. ஆனாலும் பொய். அவருடைய பெயர் மேரி இல்லை, பிறிஜெற். இங்கே இருக்கிறார். அவர் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். அண்ணன் இறந்த பிறகு சைவமாயிட்டேன் என்று அவர் எனக்குச் சொன்னார். அவர் சொன்னது, இறைச்சி மீன் சாப்பிடுவதில்லை என்று. நான் கேட்டது, சமயம் மாறிவிட்டார் என்று. திருப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. அந்தக் கட்டுரையின் மிச்சப் பக்கங்கள் எல்லாம் இந்தப் பிழையின் மேல்தான் நிற்கின்றன. தயவுசெய்து அதை வாசிக்க வேண்டாம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது முன்னால் பரவியது. மொழிபெயர்ப்பாளர் தன் கூண்டுக்குள் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி முழிப்பது தெரிந்தது. வெளிநாட்டு விருந்தினர்கள் காதுக்கருவியை அழுத்திக்கொண்டார்கள். ஃபாதர் ரொனி குனிந்து, ஒலிவாங்கி இல்லாமலே எல்லாருக்கும் கேட்கக் கேட்டார்:

"பிறிஜெற் அக்கா, நான் தவக்காலத்துல எறச்சிய விட்டு ஒறுத்தல் செய்ங்கன்னு கேட்டா ஒருத்தரும் செய்யிறதில்ல. நீங்க வருசம் முழுக்கவா?"

பிறிஜெற் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தார். சாந்தன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். முடிந்தது. பயந்ததில் பாதிகூட இல்லை. கதிரைக்குத் திரும்பிவந்த சாம்பவி நிம்மதி வரும் என்று பார்த்திருந்தாள். வரவில்லை. சிரிக்கிற முகங்களுக்கு நடுவில் ஒரு முகம் சிரிக்காமல் இருந்தது. பீபி.

சாப்பாட்டு இடைவேளையில் ஆட்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். பீபி வரிசையை வெட்டிக்கொண்டு நேரே பிறிஜெற்றிடம் வந்தார். சாம்பவி இரண்டு பேருக்கும் பின்னால், நகர இடமில்லாமல் நின்றாள்.

"அப்ப நான் அனுப்பின புரியாணி?" என்றார் பீபி.

"என்னா?"

"பெருநாளைக்குப் பெருநாள் புள்ளயிட கையில குடுத்தனுப்பின புரியாணி. மூடின பீங்கான் மூடினபடியே திரும்பி வந்திச்சு. வேணாமாம்னு புள்ள வந்து சென்னா. அடுத்த வருசமும் அனுப்பின. அதுவும் வந்திச்சு. எங்கட ஆளுகள் செஞ்ச வேலைக்கி எங்கட கைச்சோறும் ஒங்களுக்கு ஹறாமாப் போச்சுன்னு நான் நெனச்சிக்கிட்டு ஈக்கேன்."

பிறிஜெற்றின் கையில் இருந்த தட்டு சரிந்தது. நிமிர்த்திப் பிடித்தார்.

"வந்து கேட்டிருக்கலாமே நீ."

"என்ன மொகத்தோட வந்து கேக்குற? அந்த நேரம் எங்களுக்கு மொகம் ஈந்திச்சா? நீங்க செல்லியிருக்கலாமே. ஒரு வார்த்த, 'பீபி, நான் எறச்சி தின்னுறல்ல'ன்னு."

சாம்பவிக்கு முகம் சுட்டது. மாதாமாதம் வட்டத்தில் இந்த இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, எங்கள் தெருவில் ஒரு பிரச்சினையும் இல்லை என்று மாறி மாறிச் சொன்னார்கள். அதையும் அவள் பதிவு செய்திருந்தாள். நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டு என்று அதையும் எழுதியிருந்தாள்.

"நான் கோவம்னு நெனச்சேன்," என்றார் பீபி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எறச்சிதான்னு தெரிஞ்சிருந்தா..."

"கோவம் இல்லன்னு யாரு சொன்னா?"

பீபி நிமிர்ந்தார்.

"கோவமும் இருந்திச்சு பீபி," என்றார் பிறிஜெற். "நீ செஞ்சியா, இல்ல. தெரியும். தெரிஞ்சும் இருந்திச்சு. எறச்சியும் முடியல. ரெண்டும் ஒண்ணாத்தான் கதவத் தொறந்து வேணாம்னு சொல்லிச்சு. எது எவ்வளவுன்னு என்னைக் கேட்டா எனக்குத் தெரியாது."

"இப்ப?"

"கொறஞ்சிருக்கு."

"எவ்வளவு?"

"தேங்காயா அது, எண்ணிச் சொல்ல?"

பீபிக்குச் சிரிப்பு வந்தது, வேண்டாவெறுப்பாக. முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "சரி. இந்தப் பெருநாளைக்கிக் கத்தரிக்கா பொரிச்ச கறி, பருப்பு, நெய்ச்சோறு. எறச்சி வச்ச சட்டியக்கூட கிட்ட கொண்டுவர மாட்டேன். அதையும் திருப்பி அனுப்பினா, அப்ப முழுசாக் கோவம்தான்னு நான் எடுத்துக்குவேன்."

"உப்பக் கொறச்சுப் போடு. எனக்குப் பிரஷர்."

"ஏன் விட்டீங்க எறச்சிய?" என்று பீபி திடீரென்று கேட்டார்.

பிறிஜெற் அவரைப் பார்க்கவில்லை. திரும்பிச் சாம்பவியைப் பார்த்தார். ஒரு விநாடிதான். "அத இன்னொரு நாளைக்குச் சொல்றேன்," என்றார். பீபி மறுபடி கேட்கவில்லை. இரண்டு பேரும் சோற்றை வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்தார்கள்.

ராகுலன் பின்னாலிருந்து சாம்பவியின் முழங்கையைத் தொட்டார். அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்துத் திரும்பினாள். கோபம் இல்லை. கண் பளபளத்தது.

"கேட்டன். தூணுக்கு அந்தப் பக்கம் நிண்டனான். சாம்பவி, உமக்கு விளங்குதோ? அந்தக் கட்டுரை போகட்டும். இது அதைவிடப் பத்து மடங்கு. திரும்பி வந்த சோறு! ஒரு சொல்லைப் பிழையாக் கேட்ட ஆய்வாளர், அதால திறந்த உண்மை. இதைவிட என்ன வேணும்? இந்த மாசத்துக்குள்ள எழுதித் தாரும். ஃபைலோட வச்சு அனுப்புறன். வேலை நிரந்தரம், நான் பொறுப்பு."

அவர் சொன்னது உண்மைதான். அது நல்ல கட்டுரையாக வரும். அவள் மனதுக்குள் அதன் முதல் பந்தி தானாகவே எழுந்து நின்றதை அவளால் தடுக்க முடியவில்லை. இரண்டாம் பந்திக்கு வந்ததும், ஏன் விட்டார் என்ற கேள்வி வாய் திறந்துகொண்டு நின்றது. அந்தக் காரணம் இல்லாமல் அந்தக் கட்டுரை நிற்காது.

"அவையளிட்டச் சம்மதம் கேக்க வேணும் சேர்."

"கேளும். இப்பவே கேளும். மனம் இளகியிருக்கிற நேரம்."

அவள் மூலைக்குப் பார்த்தபோது அங்கே வெறும் தட்டுகள்தான் இருந்தன. வாசலுக்கு ஓடினாள். வெயிலில் முச்சக்கரவண்டி ஒன்று நின்றது. பீபி உள்ளே ஏறி ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தார். சாந்தனையும் சாமினியையும் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு, பிறிஜெற் சாரதியோடு சிங்களத்தில் கூலி பேசிக்கொண்டிருந்தார். சாம்பவி மூச்சிரைக்க வந்து நிற்பதைக் கண்டு பேச்சை நிறுத்தினார்.

"என்ன மிஸ்? இன்னும் ஏதும் கேக்க இருக்கா?"

கேட்க இருந்தது. கேட்டிருந்தால் பிறிஜெற் ஓம் என்றும் சொல்லியிருப்பார். இன்றைக்கு அவருக்கு அப்படி ஒரு மனம். பின்னால் மண்டபத்தில் அடுத்த அமர்வுக்கு மணி அடித்தது. படியில் ராகுலன் வந்து நிற்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

"இல்லை அன்ரி," என்றாள் சாம்பவி. "போயிட்டு வாங்கோ."

வண்டி கிளம்பியது. உள்ளே பீபி, சாரதி கேட்ட கூலி அநியாயம் என்று தொடங்கியிருந்தார். அதற்கு, "நீ குடுக்கப் போறியா?" என்று பிறிஜெற் கேட்பதும் கேட்டது. அது சந்தியில் திரும்பும்வரை சாம்பவி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போகக் கால் எழாமல், ராகுலன் கூப்பிட்டதற்குக் கையை மட்டும் அசைத்துவிட்டு, காலி வீதிப் பக்கம் வேகமாக நடக்கத் தொடங்கினாள்.